ஊசிக்காகத் தள்ளிப்போன கல்யாணம்

சரவணா,

இதைப் பாலத்தில் வரிசையில் நிற்கும்போது படிக்காதே. உன் பழக்கம் எனக்குத் தெரியும். ஒரு கையில் பாஸ்போர்ட், ஒரு கையில் போன். பாதியைப் படித்துவிட்டு, "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று ஒரு செய்தியைத் தட்டிவிட்டுச் சிங்கப்பூருக்குள் போய்விடுவாய். லீவு நாளில் உட்கார்ந்து, கோப்பி கலக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. நீளமாக இருக்கிறதே என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். இத்தனையையும் என் விரலால் எழுதவில்லை. போனிடம் பேசினேன், அது எழுதிக் கொடுத்தது. அது போட்ட தப்பையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். "பத்து பாகாட்" என்று நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் "பத்து பாக்கெட்" என்று எழுதுகிறது, ஆனாலும் என்ன ஆச்சரியமான சாமான் அது!

போன ஞாயிற்றுக்கிழமை நீ லாபிசில் பெண் வீட்டுக்குப் போன் பண்ணி, கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று தர்ஷினியின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். பெற்றவளிடம் ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் தர்ஷினியின் அம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ஏதோ பெரிய ஊசி போடணுமாமே சம்பந்தி, அதுக்குத்தான் மாப்பிள்ள காசு சேக்கறாராம்" என்று மெதுவாகக் கேட்டார். நீ இப்படித் தள்ளிப்போடுவது இது இரண்டாவது தடவை. இரண்டு தடவையும் என் கையைத்தான் காரணம் காட்டியிருக்கிறாய். வந்த கோபத்தில் ஊறுகாய் பாட்டில் மூடியை முறுக்கி மூடிவிட்டேன். அப்புறம் அதைத் திறக்க உன் அப்பா வேனை நிறுத்திவிட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த ஊசி எனக்கு வேண்டாம். உடனே, "அம்மா எனக்காகத் தியாகம் பண்றாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளாதே. வலித்தால் தெருவையே கூட்டுகிறவள் நான். தேவை என்று டாக்டர் சொல்லியிருந்தால் உன் காதைப் பிடித்துத் திருகிக் காசு வாங்கியிருப்பேன். இப்போதைக்குத் தேவையில்லை என்று அவர் சொன்னார், நீ நம்பவில்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைக் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அந்த ஏன் இருக்கிறதே, அது எனக்குப் பெரிய விஷயமாகப்பட்டது. சில மாதமாக அதையேதான் நோண்டிக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை வந்திருக்கிறது, அதுவே நல்ல அறிகுறி என்கிறார்கள்.

நோய் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது பாசிர் கூடாங்கில் பயிற்சியில் இருந்தாய். நான் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. சுடுதண்ணீரில் முக்கி வைத்து, ஒருவழியாக வளைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். பிறகு மணிக்கட்டு வீங்கியது, கால் விரலும் வீங்கியது. முடக்குவாதம் என்று கண்டுபிடித்து, வாரம் ஒரு நாள் போடும் மாத்திரையைக் கொடுத்தார்கள். அது மெதுவாக வேலை செய்தது. ஒரு வருஷம் போல ஆனதும் வீக்கம் நன்றாக வற்றிவிட்டது. பழையபடி துணியைப் பிழிய முடியாது, சேலைக்குப் பின் குத்த உன் அப்பாவைக் கூப்பிட வேண்டும், அவர் இடுப்பில் குத்திவிடுவார். ஆனால் கை அடங்கிவிட்டது. நான்தான் எழுந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் எங்கள் சூப்பர்வைசர், காக் ரோகாயா, வீட்டுக்கே வந்தார். மலாய்க்காரர், காக் என்றால் அக்கா, அவர் எல்லாருக்கும் அக்கா. "நீ தைக்க வேணாம். செக்கிங் மேசையில உக்காந்து சட்டைய பாத்து விடு, கண்ணு போதும்" என்று சொன்னார். எனக்காக மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கி வந்த வேலை அது. நான், "கை ஒத்துழைக்காது காக்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யோசித்துப் பார், சட்டையைப் பார்ப்பதற்குக் கை எதற்கு? அன்றைக்கு இந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை, உனக்கும் அப்பாவுக்கும் தோன்றவில்லை. கை என்று சொன்னதும் எல்லாரும் தலையாட்டிவிட்டோம். உடை மாற்றி, தலை வாரி, நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற நினைப்பே எனக்கு மலையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை, கை வலி என்ற வார்த்தை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இப்போது ஓர் அளவுகோல் கதைக்கு வருகிறேன். மூட்டு கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கோலைக் கொடுப்பார். ஒரு முனையில் சிரிக்கிற முகம், இன்னொரு முனையில் அழுகிற முகம். நடுவில் நகர்த்துகிற சிவப்புக் கோடு. இந்த வாரம் உங்கள் நோய் எப்படி என்று நீங்களே நகர்த்திக் காட்ட வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் அழுகிற முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன். நம் ஆட்கள் யாராவது, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "ரொம்ப நல்லா இருக்கேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? "ஏதோ ஓடுது" என்போம். நல்லா இருக்கேன் என்று சொன்னால் கண் பட்டுவிடும். கோவிலில் அப்படி, கல்யாண வீட்டில் அப்படி, ஆஸ்பத்திரியில் மட்டும் மாறுமா? போதாததற்கு, நன்றாக இருக்கிறேன் என்று காட்டினால் அடுத்த அப்பாயின்ட்மெண்டை ஆறு மாதம் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று ஒரு பயம். மூட்டைத் தொட்டு, "வலிக்குதா?" என்று கேட்டாலும் எல்லாவற்றுக்கும் "ஆமா" தான். முன்னால் இருந்த டாக்டர் இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரை போதவில்லை போலிருக்கிறது, புது வகை ஊசியை யோசிக்கலாம், அரசாங்கத்தில் காத்திருக்க வேண்டும், கைக்காசு போட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்றார். நீ அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். அன்றிலிருந்துதான் நீ ஓவர்டைம், ஓவர்டைம் என்று அலைய ஆரம்பித்தாய்.

அடுத்த தடவை உனக்கு லீவு கிடைக்கவில்லை, அப்பாதான் கூட்டிப்போனார். புது டாக்டர். சின்னப் பெண், யாழ்ப்பாணத்து வம்சம், தாத்தா காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பமாம். தமிழ் கொஞ்சம் தடுக்கித் தடுக்கி வரும். என் விரலையெல்லாம் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் வைத்தும் பார்த்தார். பிறகு கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆன்ட்டி, வீக்கம் இல்ல லா. பிளட் டெஸ்ட்டும் ஓகே. ஆனா இது அழுவுது. நீங்க இதுல எத அளந்தீங்க?" என்று கேட்டார்.

சரவணா, எவ்வளவு நல்ல கேள்வி பார்! இருபது வருஷம் டேப் பிடித்தவள் நான். எங்கிருந்து எங்கே என்று கேட்காமல் ஒரு துணியை அளந்ததில்லை. இங்கே வந்து மட்டும் எதை அளக்கிறோம் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "எத அளக்கணும் டாக்டர்?" என்றேன். "மொதல்ல வெரல மட்டும்" என்றார். யோசித்தேன். கோட்டைச் சிரிக்கிற முகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். எனக்கே வியப்பாக இருந்தது. "சரி, இப்ப மத்ததெல்லாம்" என்றார். நகர்த்தினேன். அழுகிற முகம் வந்து, கோல் முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவர் என் கையின் மேல் கையை வைத்தார். அங்கேயே, உன் அப்பா முன்னாலேயே, கேவிக் கேவி அழுதேன். உன் அப்பா பாவம், கோலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நர்ஸ் துரத்திக்கொண்டு வந்து வாங்கிப்போனார்.

மனச்சோர்வு என்றார் டாக்டர். இந்த நோயோடு அது சேர்ந்து வருவது அபூர்வமில்லையாம். வலியும் வீக்கமும் மனசை இழுக்கும், மனசு விழுந்தால் வலி கூடும், மாத்திரை மறந்துபோகும், மறுபடி வீங்கும். எது முதலில் வந்தது என்று கேட்டேன். "தெரியாது ஆன்ட்டி, ரெண்டையும் சேத்துப் பாக்கணும்" என்றார். தெரியாது என்று சொல்கிற டாக்டரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூட்டு மாத்திரையை வாரம் தவறாமல் போடச் சொன்னார். ஊசியைப் பற்றி, மனசு கொஞ்சம் தேறியதும் மறுபடி அளந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்றார். இங்கே நம் ஊர் அரசாங்க கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மனசுக்கு ஒரு மாத்திரை, மாதம் இரண்டு தடவை பேச ஓர் ஆள். மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரங்களில் வயிற்றைப் புரட்டியது, விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு ஒரு நாள் உன் அப்பா ஈரத் துண்டை நாற்காலியில் போட்டதற்கு வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! "ஏய், நீ என்னத் திட்டற லா!" என்று துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதையெல்லாம் உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அது சின்னப் பொண்ணும்மா, அதுக்கு என்ன தெரியும்? ஜொகூர் பாருவுல பிரைவேட்ல பெரிய டாக்டர் இருக்காரு, ஊசி போட்டுடலாம். மென்டல் கிளினிக் போறத மட்டும் வெளிய சொல்லாதீங்க. லாபிஸ்ல தெரிஞ்சா வேற மாதிரி பேசுவாங்க. கை வலின்னு சொல்லுங்க, போதும்." உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். எனக்கு ரொம்ப வலித்தது. நீ வெட்கப்படுகிறாய் என்று புரிந்தது. என்னை நினைத்து வெட்கமா, என்னைக் காப்பாற்றுகிற வெட்கமா என்று இன்னும் புரியவில்லை.

தொழிற்சாலையில் ஒரு சட்டை திரும்பி வந்தால் காக் ரோகாயா யாரையும் திட்ட மாட்டார். பெட்டியிலிருந்து பின்னோக்கி நடப்பார். பொத்தான் போட்டது யார், கை வைத்தது யார், காலர் யார், வெட்டியது யார் என்று ஒவ்வொரு மேசையாகப் போவார். எல்லாரும் காலர் தைக்கிற என் மிஷினைக் குறை சொல்வார்கள். போய்ப் பார்த்தால் துணி வெட்டும்போதே கோணல். அதே மாதிரி நானும் நம் வீட்டில் பின்னோக்கி நடந்து பார்த்தேன். இந்த வருஷங்களில் நம் காசு எங்கே போயிற்று, இந்தக் கை எவ்வளவு தின்றது என்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் மூட்டு மாத்திரைக்கு நாம் பெரிதாக ஒன்றும் கொடுக்கவில்லை. மிச்சமெல்லாம் எங்கே ஓட்டை விழுந்தது?

முதல் ஓட்டை என் சம்பளம், அதைச் சொல்லிவிட்டேன். அடுத்தது கமாட் சாறு. மல்லிகா அக்கா விற்பாரே, கடல் அட்டையில் செய்தது என்று. பாட்டில் பாட்டிலாக வாங்கினேன். நீ கத்தினாய், அப்பா முனகினார். அலமாரியைத் திறந்து பார்த்தேன், பாதிக்கு மேல் சீல்கூட உடைக்கவில்லை. குடிக்காத சாற்றை ஏன் வாங்கினேன்? யோசித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. மல்லிகா அக்கா பாட்டில் கொண்டுவரும் நாளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அவர் மருமகள் கதை, அவர் பூனை கதை. வாங்கவில்லை என்றால் வர மாட்டாரோ என்று பயந்தேன். நான் வாங்கியது பேச்சு. போன வாரம் அவரிடம் நேராகவே சொன்னேன்: "அக்கா, இனிமே சாறு வேணாம். ஆனா நீங்க வாங்க." அவர் கொஞ்சம் முறைத்தார். ஆனாலும் வந்தார், பூனையோடு!

மூன்றாவது ஓட்டை எனக்கே தெரியாமல் இருந்தது. உன் அப்பா சாயங்காலம் டியூஷன் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஓட்டத்தை நிறுத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்றார். நானும் நம்பினேன். போன மாதம், "நெஜமாவே கொறஞ்சிட்டாங்களா?" என்று கேட்டேன். வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எங்க கொறஞ்சாங்க? இன்னும் கூப்புட்டுக்கிட்டுதான் இருக்காங்க. நீ வெளக்குகூடப் போடாம இருட்டுல உக்காந்திருந்த. அதப் பாத்துட்டு எப்படிப் போறது?" என்றார். அந்த மனுஷனை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

இதிலெல்லாம் யார் தப்பு என்று நான் தேடவில்லை. நோய் நோய்தான். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வியப்பு. விரல் செய்த செலவைவிட மனசு செய்த செலவு எத்தனையோ மடங்கு. விரலைப் பற்றி ஊரே பேசியது, மனசைப் பற்றி வீட்டில்கூடப் பேசவில்லை. கிளினிக்கில் காத்திருக்கிற பெண்களிடம் இப்போது வாய் விட்டுக் கேட்கிறேன், "நீங்க எதுக்கு வேலைய விட்டீங்க?" என்று. எல்லாரும் "கைதான்" என்பார்கள். நம்பர் கூப்பிட நேரமாகும் இல்லையா, கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, "கை மட்டும் இல்லக்கா" என்பாள். அவர்கள்தான் என்னை இதை எழுதச் சொன்னார்கள். உனக்கு அனுப்பிவிட்டு அவர்களுக்கும் வாசித்துக் காட்டப்போகிறேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

நம் வீட்டுப் புத்தியைப் பார். அந்த ஊசிக்கு உன் கல்யாணத்தையே கொடுக்கத் தயாராக இருக்கிறாய். மனச்சோர்வு என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு ஒரு காசு செலவில்லை, அதை மட்டும் உன்னால் கொடுக்க முடியவில்லை. உன்னைக் குத்திக்காட்டவில்லை, கண்ணு. நானும் அப்படித்தானே வருஷக்கணக்காக இருந்தேன். ஆனால் நாளைக்கு நீயும் தர்ஷினியும் ஒரு வீட்டில் இருப்பீர்கள். அவள் ஒரு நாள் காரணமில்லாமல் சுருண்டு படுத்தால், "எங்க வலிக்குது?" என்று கேட்டு நிறுத்திவிடாதே. உனக்கே அப்படி வந்தால், ஓவர்டைம் களைப்பு என்று அவளிடம் கதை விடாதே. அவள் ஐந்து வருஷமாக உனக்காகக் காத்திருக்கிறாள், என் விரலுக்காக இல்லை.

மறைத்துவைத்துப் பெண் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் உன்னைக் கேட்காமல் நேற்று லாபிசுக்குப் போன் பண்ணினேன். ஆமாம், நீ எதைச் சொல்லாதே என்றாயோ, அதைத்தான் சொன்னேன். சம்பந்தியம்மாதான் எடுத்தார். "ஊசியெல்லாம் இப்ப தேவையில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க சம்பந்தி. எனக்கு இருக்கறது மனச்சோர்வு. மாத்திர போடறேன், கிளினிக்ல போய்ப் பேசிட்டும் வர்றேன். உங்களுக்குச் சம்மதம்னா தேதிய மாத்த வேணாம். இப்படிப்பட்ட வீட்டுல பொண்ணு குடுக்க யோசனையா இருந்தா, அதையும் இப்பவே சொல்லிடுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றேன்.

சொல்லி முடித்ததும், என் பிள்ளையின் கல்யாணத்தை என் வாயாலேயே முறித்துவிட்டேனே, அவன் சொன்ன மாதிரி கை வலியோடு நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றியது. "சம்பந்தி?" என்றேன். ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் கேட்டார்.

"சம்பந்தி, அந்த கிளினிக்குக்கு யாராச்சும் லெட்டர் குடுக்கணுமா, இல்ல நேரா போனாலே பாப்பாங்களா?"

"நேராவே போலாம். யாருக்கு சம்பந்தி?"

"எனக்குத்தான். வீட்டுல எல்லார்கிட்டயும் முட்டி வலின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

வியாழக்கிழமை அப்பா வேனை எடுக்கிறார். நான் லாபிசுக்குப் போய்ச் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு அங்கே உள்ள கிளினிக்குக்குப் போகிறேன். கல்யாணத் தேதி மாறவில்லை. நீ மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு.

அம்மா